மாவு பொங்காத தண்ணீர்

அந்தக் குப்பி கறுத்தது தொட்டித் தண்ணீராலா, என் விரலாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்தபோது அதன் உள்விளிம்பில் விரல் பட்டதா என்பதே நிச்சயமில்லை. பட்டிருக்கலாம். அந்த நேரம் பாப்பா என் நைட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவளை விலக்கிவிட்டு மறு கையால் மூடியைத் திருகினேன். அதை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு முறை பட்டதாகத் தெரிகிறது. அடுத்த முறை படவில்லை.

குப்பி என்றால் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சீசா. ஊரில் படித்த பெண்கள் சிலரை ஊராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, குடிதண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக்கொடுத்தபோது தந்தார்கள். நான் பி.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்புக்கு வேலை வந்தது அன்றைக்குத்தான் என்று சந்தோஷமாகப் போனேன். சீசாவுக்குள் ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கும். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், ஒன்றரை நாள் வைக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் தண்ணீர் நல்லது. கறுத்துப்போனால் அதில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கிறது. சீசாவின் வாயையும் மூடியின் உள்பக்கத்தையும் கை தொடவே கூடாது என்று பயிற்சி கொடுத்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். மற்றவர்கள் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு குப்பி கொடுத்து அனுப்பினார்கள். தீர்ந்ததும் கேளுங்கள், தருகிறோம் என்றார்கள்.

எங்கள் ஊர், கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. என் கணவர் கரியாலூருக்கு மேலே ஒரு பள்ளியில் ஆசிரியர். வாரக் கடைசியில்தான் இறங்கி வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மாமியாரும் பாப்பாவும் மட்டும். பாப்பாவுக்கு இரண்டரை வயது.

ஆனி மாதம் அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் பல் முளைப்பதால் என்றார் மாமியார். மறுநாள் கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் வீட்டு அக்காதான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் குழந்தை கத்தியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் என்னைவிடச் சின்னவராக இருந்தார். என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் என்றேன். "அப்புறம் எப்படி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த "அப்புறம் எப்படி" என்னைத் தூங்கவிடவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியும். அதை டாக்டரிடம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அக்கா பக்கத்திலேயே நின்றார்.

அக்கா காலையில் வீட்டு வாசலில் இட்லி போட்டு விற்கிறார். அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கின்றன. அந்த இட்லிதான் எல்லாம். பாப்பா எழுந்ததும் எதிர் வீட்டுக்கு ஓடுவாள். ஒரு இட்லியைத் தின்றுவிட்டுக் குடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அக்கா ஒரு டம்ளரில் மொண்டு கொடுப்பார். அது குழாயில் பிடித்த தண்ணீர், அப்படியே. ஒருநாள் பாப்பாவின் கழுத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை மாட்டி அனுப்பினேன். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வூட்டுத் தண்ணியில இன்னா விஷமா கலந்துகீது?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாளிலிருந்து நான் பாட்டில் அனுப்பவில்லை.

குழந்தையைக் கட்டிப்போட முடியாது. அங்கன்வாடியிலும் அதே குழாய், கோயிலிலும் அதே குழாய். தெருவுக்கே தண்ணீர் வருவது கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மேல்நிலைத் தொட்டியிலிருந்து. அப்படியானால் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணனைப் பிடிப்பதே பெரிய வேலை. மோட்டாரைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். ஒருநாள் வால்வு திறக்க வந்தபோது பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். தொட்டி கழுவினீர்களா, பிளீச்சிங் பவுடர் போடுகிறீர்களா என்று கேட்டேன். கழுவித்தான் இருக்கிறது, பவுடரும் போடுகிறோம் என்றார். எப்போது கழுவினது என்றேன். தொட்டிக் காலில் எழுதியிருக்கும் பாரும்மா என்றார். தேதி எழுதியிருந்த இடத்தில் ஏதோ விளம்பரம் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் குப்பியில் தண்ணீர் பிடித்தேன். வாசல் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். பாப்பா நைட்டியை இழுத்தது அப்போதுதான். குப்பியை அடுப்படி மேடையில் ஓரமாக வைத்தேன். மறுநாள் காலை எட்டிப் பார்த்தபோது மை ஊற்றியது போல இருந்தது.

பயந்துபோனேன். கூடவே, சொன்னால் வெட்கம், ஒரு நிம்மதியும் வந்தது. நான் நினைத்தது சரி. குப்பியை எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன், ஆபரேட்டர் அண்ணனிடம் காட்டினேன். அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி கழுவுகிறேன் என்றார். அக்கா அதைத் தொடவில்லை. இத்தனை வருஷமாக இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் மலையிலிருந்து வரும்போது ஒரு பெரிய கேனில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். பள்ளிக்குப் பின்னால் பாறையில் கசிகிற ஊற்று. மலைத் தண்ணீரென்றால் எங்கள் தெருவில் மருந்து மாதிரி. பாப்பாவுக்கு இனி இதையே கொடு, வாராவாரம் கொண்டுவருகிறேன் என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மீதமிருந்த குப்பியில் அதை ஊற்றி வைத்தேன். அதுவும் கறுத்தது.

மாமியார் இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீ எத ஊத்தினாலும் அது கறுக்குது. பாலை ஊத்து, அதுகூடக் கறுக்கும்," என்றார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. ஊற்றுக்கு மேலே ஆடு மாடு மேயுமா என்று அவரைக் கேட்டேன். மேயும் என்றார். அப்படியானால் கறுத்தது நியாயம்தானே என்றேன். "விடும்மா, எல்லாத்தையும் சோதிச்சிக்கினே இருந்தா சோறு திங்க முடியாது," என்றார்.

அந்த இரண்டாவது குப்பியில் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும். அது கறுக்காமல் இருந்திருந்தால் என் கையில் தவறில்லை என்று தெரிந்திருக்கும். கறுத்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். இதெல்லாம் தோன்றியபோது கையில் குப்பி இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டேன். வரவில்லை என்றார்கள். மறுபடி போனேன். வந்தால் சொல்லி அனுப்புகிறோம், எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்றார்கள். போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

ஆபரேட்டர் அண்ணன் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொட்டியைக் கழுவினார். நான் போய் நின்று பார்த்தேன். அடி வால்வைத் திறந்ததும் முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. கடைசியில் கஞ்சி போலக் கொழகொழவென்று பழுப்பாக வந்து சாக்கடையில் விழுந்தது. சகதி நாற்றம். உள்ளே இறங்கித் தேய்த்துவிட்டு வந்தவர் துடைப்பத்தைக் காட்டினார். ஒவ்வொரு குச்சியிலும் வழுவழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் இப்படித்தான், கால் வைத்தால் வழுக்குகிறது என்றார். கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. தேங்குகிற தண்ணீரில் கிருமிகள் சுவரோடு ஒட்டி, தங்களைச் சுற்றி இப்படி ஒரு கொழகொழப்பைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் இருந்துகொண்டே பெருகும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். போனில் படம் எடுத்தேன். வந்து பார்க்கச் சொல்லித் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றார்கள். வந்தது இரண்டு நாய்கள்தான்.

கழுவிவிட்டு அண்ணன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். என் எதிரில் என்பதாலோ என்னவோ கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். மறுநாளிலிருந்து தினமும் கலந்தார். குழாயைத் திறந்தால் மருந்து வாடை அடித்தது. எனக்கு அது நல்ல வாசனை. பாப்பாவுக்கு வயிற்றால் போவது நின்றது. கன்னம் கொஞ்சம் தேறியது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அதனாலும் இருக்கலாம். ஆனால் அப்போது நான் அப்படி யோசிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு கொடுப்பார்கள். மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பது வருஷா வருஷம் அக்கா வீட்டில்தான். அவர் கைக்கு மாவு நன்றாகப் பொங்கும் என்று பேர். அம்மனுக்குக் கரைக்கிற மாவுக்கு அன்றைக்குப் பிடித்த புதுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பிடித்து வைத்த பழைய தண்ணீர் ஆகாது. அந்த வருஷமும் காலையில் குழாயில் வந்ததைப் பிடித்து அண்டாவில் கரைத்து மூடி வைத்தார்கள்.

மறுநாள் மூடியைத் திறந்தால் மாவு அப்படியே அடியில் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. புளிப்பு வாசனை இல்லை, மருந்து வாடைதான் வந்தது. வேறு வழியில்லாமல் அதையே காய்ச்சினார்கள். மோரை ஊற்றிச் சரிக்கட்டினார்கள். வாங்கியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பை ஓரமாக வைத்தார்கள். ஒரு பெரியம்மா என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து, இந்த வருஷம் அம்மன் வயிறு குளிரவில்லை என்றார். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அடுப்படி வரைக்கும் வருகிறவர் வாசற்படியிலேயே நின்றார்.

"பாப்பாவுக்கு வயிறு சரியாப் பூட்ச்சா?"

"சரியாயிடுச்சிக்கா."

"எனக்குத்தான் ஒரு வாரமா மாவு எழும்பல. அரிசிய ஊற வெச்சி ஆட்டி வெக்கிறேன், காலைல பாத்தா வெச்சது வெச்சபடி கீது. இட்லி கல்லாட்டம் இருக்குதுன்னு நேத்து ரெண்டு பேரு பாதியில எழுந்து பூட்டாங்க. நீ படிச்சவ, சொல்லு. இன்னா பண்ணட்டும்?"

மலைப்பக்கம் மழை, நாலு நாளாகக் காற்று சில்லென்று வீசுகிறது, குளிருக்கும் மாவு புளிக்காது என்று ஆரம்பித்தேன்.

"மழ வருசா வருசம்தான் பெய்யுது."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையில் அக்கா சொல்லாமல் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்லுகிற மருந்து, மாவைப் பொங்க வைக்கிற கிருமியை மட்டும் விட்டுவைக்குமா? மாவு எழும்பவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? உன் இட்லி கல்லானதுதான் என் குழந்தை பிழைத்ததற்குச் சாட்சி என்றா?

வேறு மாதிரி சொன்னேன். தண்ணீரை அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் வாடை போய்விடும், அதில் அரிசி ஊற வைத்து ஆட்டினால் மாவு பொங்கும் என்றேன். கொதிக்க வைத்து ஆற்றினாலும் போகும் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. இருக்கிற குடங்களில் பிடித்தால் குடிக்கவும் சமைக்கவும் சரியாகிறது. மாவுக்கென்று தனியாகத் திறந்து வைக்கப் பாத்திரமும் இல்லை, இடமும் இல்லை. அத்தனை தண்ணீரைக் கொதிக்க வைத்தால் விறகுக்கு எங்கே போவது? இதையெல்லாம் சண்டை போலச் சொல்லாமல் கணக்கு ஒப்பிப்பது போலச் சொன்னார். அம்மனுக்குப் பழைய தண்ணீர் ஆகாது என்பதைச் சொல்லவே இல்லை. அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் வீட்டு அண்டாவைத் தருகிறேன் என்றேன். சிரித்தார். "உன் அண்டாவ வெச்சிக்கினா தெனமும் இட்லி சுட முடியும்?" என்றார்.

பிறகு படியிறங்கிப் போனார். பாப்பா அவர் பின்னாலேயே ஓடினாள். திருப்பி அனுப்பவில்லை. தூக்கிக்கொண்டுதான் போனார்.

அந்த வாரமே தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஆபரேட்டர் அண்ணனிடம் பேசியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை. குழாயில் வாடை நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவரைத் தேடிப் போனேன். வால்வுக் குழியருகே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பீடியை அணைத்தார்.

"மருந்து போட்டா தெருவே வந்து நிக்கிது. போடலன்னா நீ ஒருத்தி வந்து நிக்கிற. நீயே சொல்லும்மா, நான் யாரு பேச்சக் கேக்கிறது?"

ஆடி முடிந்ததும் போடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது. அக்காவின் மாவு பழையபடி பொங்குகிறது. விடிகாலையில் தட்டுச் சத்தம் கேட்கிறது, மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்கும் அது சந்தோஷம்தான். புரட்டாசியில் பாப்பாவுக்கு மறுபடி இரண்டு நாள் வயிற்றால் போனது. இந்த முறை ஆஸ்பத்திரி வரை போகவில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலிலேயே நின்றது. அங்கன்வாடியில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் போனதாகச் சொன்னார்கள். தண்ணீரால்தானா, ஈ மொய்த்த பண்டத்தாலா? யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால், அதோ ஆரம்பித்துவிட்டாள் என்பார்கள்.

வட்டார அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போடலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். போடலாம், விசாரிக்க வருவார்கள், முதலில் அந்த ஆபரேட்டரைத்தான் பிடிப்பார்கள், பிறகு யார் போட வேண்டாம் என்றது என்று கேட்பார்கள் என்றார். அக்கா பெயரைச் சொல்ல வேண்டி வரும். பாப்பா துவண்டு கிடந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர். எழுதிய தாளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் எடுத்துப் படித்தேன். மறுபடி வைத்தேன். அப்படிச் செய்ததில் என் மேலேயே எரிச்சல்தான் மிச்சம்.

போன வாரம் ஆபரேட்டர் அண்ணன் அவராகவே வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மழை பிடிப்பதற்குள் தொட்டியை இன்னொரு தரம் கழுவச் சொல்லியிருக்கிறார்களாம். பவுடர் மூட்டையும் வந்து இறங்கியிருக்கிறதாம். கழுவுவது கழுவிவிடுவேன், மருந்துதான் யோசனையாக இருக்கிறது என்றார். மழைக்காலத்தில் போடாமல் இருக்கலாமா அண்ணா என்றேன். சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"நீ போடச் சொன்னா போட்டுட்றேன்மா. ஆனா யாருனா கேட்டா, வாத்தியாரூட்டம்மாதான் சொல்லிச்சின்னு சொல்லிடுவேன். இன்னொருவாட்டி என்னால திட்டு வாங்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போடச் சொன்னால் அக்காவின் மாவு மறுபடி படுத்துவிடும், என் வாயால் நடந்தது என்று தெருவுக்கே தெரியும். வேண்டாம் என்றால் மழைத் தண்ணீர் இறங்கும் மாதங்களில் பாப்பா அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். மருந்தைக் குறைவாகப் போட்டால் இரண்டும் நடக்குமா, அல்லது இரண்டும் கெடுமா? அளவு தெரிந்தவர்கள் யாரும் இங்கே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில், இட்லி மாவு விற்கிறவர்கள், தொட்டிக்கு மருந்து கலக்கிறவர்கள், இப்படிப்பட்ட தெருவில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மருந்து கலந்த தண்ணீரில் தினமும் மாவாட்டிப் பொங்க வைக்கிற வழி, அக்காவிடம் இருக்கிற பாத்திரத்தையும் விறகையும் வைத்தே செய்யக்கூடியது, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அப்படி ஒரு வழி கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு முதலில் எதிர் வீட்டுக்குப் போவேன், ஆபரேட்டரிடம் பிறகு சொல்வேன். வழி இல்லையென்றால், என் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த அண்ணனிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றாவது எழுதுங்கள். இரண்டு வரி போதும். மழை இன்னும் பிடிக்கவில்லை.